பழைய புரொஃபஷனல் ஃபிலிம் கேமரா வாங்குவது எப்படி: கையில் எடுப்பது முதல் சோதனை ரோல் கழுவுவது வரை

எனக்காகவும் நண்பர்களுக்காகவும் பல பழைய ஃபிலிம் கேமராக்களைச் சோதித்து வாங்கியிருக்கிறேன். புதிதாக வாங்க வந்தவர்களுக்கு அருகில் நின்றும் பார்த்திருக்கிறேன். ஏமாந்தவர்களில் பலருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தே இருந்தது. எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் கோட்டைவிட்டார்கள். பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) அழகில் மனம் போய், விலை பேசி முடித்த பிறகு பின்கதவைத் திறந்தால், கண் பார்ப்பதை மனம் ஏற்காது.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நடைமுறை எடுத்துக்காட்டாக நிக்கான் எஃப்3-ஐ வைத்துக்கொள்கிறேன். 1980-இல் வந்து 2001 வரை தயாரிப்பில் இருந்த பாடி அது. இன்றும் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுகிறது. மற்ற கேமராக்கள் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. கேமராவுக்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள்

நீங்கள் வாங்கப்போவது இருபது முதல் ஐம்பது வயதான இயந்திரம். இன்றோ அடுத்த ஆண்டோ அதை ஒருமுறை திறந்துதான் ஆக வேண்டும். திறக்கக்கூடியவர் யார் என்பது தெரியாமல் பாடியை வாங்குவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு.

ஸ்டுடியோக்கள் ஃபிலிமில் இயங்கிய காலத்தில் கேமரா பழுது பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒருவரைக் கண்டுபிடித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மாடல்களைத் திறந்து பழகியிருக்கிறார்? ஷட்டர் (ஃபிலிமுக்குப் போகும் ஒளியைத் திறந்து மூடும் பாகம்) வேகத்தை அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா? உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது?

அவர் தரும் பதில்தான் நீங்கள் வாங்கவேண்டிய மாடலைத் தீர்மானிக்கும். நிக்கான் எஃப்2, எஃப்எம்2, ஹாசல்பிளாட் 500சி/எம் போன்றவை முழுக்க இயந்திர ஷட்டர்கள். கை தேர்ந்தவரால் சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு, வேகத்தைச் சரிசெய்ய முடியும். நிக்கான் எஃப்4, எஃப்5, கேனன் ஈஓஎஸ்-1 வரிசை ஆகியவை மின்னணுப் பலகைகளை நம்பி வாழ்பவை. பலகை போனால் இன்னொரு கேமராவிலிருந்து எடுத்துப் பொருத்துவதுதான் வழி. எஃப்3 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அதன் ஷட்டர் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுகிறது, ஆனால் இருபது ஆண்டுகள் தயாரிக்கப்பட்டதால் உதிரிக்காகக் கழற்றப்படும் பாடிகள் கிடைக்கின்றன.

2. லென்ஸைத் தீர்மானித்துவிட்டுப் பாடிக்கு வாருங்கள்

பாடியை வாங்கிவிட்டு, "வீட்டில் இருக்கும் டிஜிட்டல் லென்ஸ் இதற்குப் பொருந்துமா?" என்று கேட்பவர்கள் ஏராளம். நிக்கான் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) என்றால் லென்ஸ் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மை. வேலை செய்யும் என்பது வேறு செய்தி. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) வளையம் இல்லாத ஜி வகை லென்ஸை எஃப்3-இல் மாட்டினால், துளை எப்போதும் மிகச் சிறிய அளவிலேயே நிற்கும். அதே லென்ஸ் எஃப்5-இலும் எஃப்100-இலும் ஒழுங்காக வேலை செய்யும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 1977-க்கு முந்தைய, ஏஐ (அப்பர்ச்சர் அளவைக் கேமராவின் ஒளி மீட்டருக்குத் தெரிவிக்க நிக்கான் கொண்டுவந்த இணைப்பு முறை) மாற்றம் செய்யப்படாத லென்ஸை எஃப்3 ஏற்கும், ஏனென்றால் அதன் மவுண்டில் உள்ள சிறு நெம்பை மேலே மடக்கிவிடலாம். எஃப்எம்2-இல் அந்த வசதி இல்லை. வலிந்து மாட்டினால் மவுண்ட் வளையம் சேதமாகும். கேனனில் கோடு இன்னும் தெளிவானது: எஃப்-1 பாடிக்கு எஃப்டி லென்ஸ், ஈஓஎஸ்-1 பாடிக்கு ஈஎஃப் லென்ஸ். ஒன்று மற்றொன்றில் மாட்டாது.

3. பையில் எடுத்துச் செல்லவேண்டியவை

புதிய எஸ்ஆர்44 பொத்தான் பேட்டரி இரண்டு. விற்பவரின் பேட்டரியை நம்பவேண்டாம். அது பழையதாக இருந்தால் நல்ல கேமராவும் கெட்டதுபோல் நடக்கும். எல்ஆர்44-உம் அளவில் பொருந்தும் என்றாலும் எஸ்ஆர்44-இன் மின்னழுத்தம் கடைசிவரை நிலையாக இருப்பதால் மீட்டரைச் சோதிக்க அதுவே ஏற்றது.

சிறிய டார்ச். ஸ்லோமோஷன் எடுக்கும் கைப்பேசி. அதில் ஒரு லைட்மீட்டர் செயலி. ஒளிபட்டு வீணான ஒரு 35 மில்லிமீட்டர் ரோல். இதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவோம். அதே மவுண்டில், நன்றாக இருப்பது உறுதியான ஒரு லென்ஸ் இரவல் கிடைத்தால் மிக நல்லது, ஏனென்றால் கோளாறு பாடியிலா லென்ஸிலா என்று பிரித்தறிய அது ஒன்றே வழி. பேட்டரி மூடியைத் திறக்க ஒரு நாணயம். குறித்துக்கொள்ள ஒரு தாள்.

ஸ்குரூ டிரைவர் வேண்டாம். விற்பவரின் பொருளை நீங்கள் திறக்கக்கூடாது.

4. தொலைவிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால்

விளம்பரப் படங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் காட்டும். நீங்கள் கேட்கவேண்டிய படங்கள் ஐந்து: திறந்த பின்கதவு, ஷட்டர் திரை, பேட்டரி அறை, வ்யூஃபைண்டர் வழியாகத் தெரியும் காட்சி, லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்த படம். இவற்றை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

"சோதிக்கப்படவில்லை" என்ற சொல்லை விலைக்குறைப்புக்கான காரணமாகப் பார்க்காதீர்கள். ஒரு பேட்டரி போட்டு பொத்தானை அழுத்த ஒரு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த கேமரா ஓடவில்லை என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். ஜப்பானிய விற்பனையாளர்கள் "ஜங்க்" என்று எழுதினால் உதிரிபாகத்துக்கு மட்டுமே உதவும், திருப்பி வாங்கமாட்டோம் என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்த தொகைதான் விலை.

5. வெளிப்பக்கம்: தேய்மானத்துக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு

புரொஃபஷனல் கேமரா என்றால் உழைத்த கேமரா. கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிவதைக் கண்டு பின்வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் அதைக் கண்டால் மகிழ்கிறேன். தொடர்ந்து ஓடிய இயந்திரத்தில் எண்ணெய் உறைவது குறைவு. ஓடாமல் போயிருந்தால் அதன் உரிமையாளர் அன்றே பழுது பார்த்திருப்பார். பீரோவில் இருபது ஆண்டு உறங்கிய, கீறலே இல்லாத பாடிதான் எனக்கு அதிகச் சந்தேகம் தருகிறது.

பயப்படவேண்டியது அடியைக் கண்டு. பென்டாபிரிசத்தின் (வ்யூஃபைண்டருக்கு மேல் கூம்பாக நிற்கும் பாகம்) மேல் பள்ளம், பாடியின் மூலைகளில் நசுங்கல், லென்ஸின் ஃபில்டர் வளையத்தில் வளைவு ஆகியவை கீழே விழுந்ததன் அடையாளங்கள். விழுந்த பாடியில் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள தூரம் மாறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம் ஒவ்வொரு படத்தின் கூர்மையையும் கெடுக்கும்.

அடுத்து திருகுகளின் தலையைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. விற்பவர் "திறந்ததே இல்லை" என்று சொன்ன பிறகு அப்படி இருந்தால், அவர் சொல்லும் மற்றவற்றையும் அதே தராசில் நிறுங்கள்.

6. பேட்டரி அறை

பேட்டரி போடுவதற்கு முன்பே அறையைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. தகட்டில் மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம். கசிவு கம்பி வழியாக உள்ளே ஏறியிருந்தால் இன்று ஓடும் கேமரா சில மாதத்தில் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும்.

எஃப்3-இல் ஒரு குறிப்பிட்ட கண்ணி இருக்கிறது. எம்டி-4 மோட்டார் டிரைவ் மாட்டியிருந்தால் கேமராவுக்கான மின்சாரமும் அதிலுள்ள எட்டு ஏஏ பேட்டரிகளிலிருந்தே வரும். ஒருமுறை ஒரு நண்பர், மோட்டாருடன் துடிப்பாக ஓடிய எஃப்3-ஐ உடனே வாங்கிவிட்டார். வீட்டில் மோட்டாரைக் கழற்றியபோது பாடியின் பேட்டரி அறை முழுக்க அரித்துப்போயிருந்தது. ஆகவே மோட்டாரைக் கழற்றச் சொல்லி, பாடியைத் தனியாகச் சோதியுங்கள்.

பழைய கேனன் எஃப்-1, நிக்கான் எஃப் ஃபோட்டோமிக் போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இன்று தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். இவற்றை வாங்கினால் மீட்டரை இல்லாததாகவே கருதிவிடுங்கள்.

7. பின்கதவு

கதவைத் திறந்ததும் ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களையும் அழுத்துத் தகட்டையும் டார்ச்சில் பாருங்கள். துருவோ கீறலோ இருந்தால், ரோலின் நீளம் முழுவதும் கோடு விழும்.

கதவைச் சுற்றிய பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். ஒளி புகாமல் தடுப்பது அதுதான். பழையதாகிவிட்டால் தாராகப் பிசுபிசுக்கும் அல்லது தூளாக உதிரும். இது கோளாறு அல்ல, வயது. மாற்றுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். கையில் ஒட்டிய பிசின் அடுத்து நீங்கள் தொடும் இடத்துக்குப் போகும். மிர்ரர் மேலே எழும்போது மோதும் இடத்திலும் அதே ஸ்பாஞ்ச் உண்டு. அங்கிருந்து உதிரும் தூள்தான் வ்யூஃபைண்டரில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது.

ஷட்டர் திரையைத் தொடவே கூடாது. எஃப்3-இல் அது மிக மெல்லிய டைட்டானியம். எஃப்எம்2-இல் மெல்லிய தகடுகள். ரோல் மாட்டும்போது விரல் பட்டுச் சற்றே வளைந்தால்கூட உயர் வேகத்தில் சிக்கிக்கொள்ளும். லைக்காவின் துணித் திரையில் வேறு நோய்: லென்ஸ் மூடி இல்லாமல் சூரியனை நோக்கி வைத்திருந்தால் பூதக்கண்ணாடிபோல் ஒளி குவிந்து ஊசிமுனை ஓட்டை விழும். இருட்டான இடத்தில் லென்ஸைக் கழற்றி, முன்னாலிருந்து டார்ச் அடித்து, பின்னாலிருந்து பாருங்கள்.

8. ஷட்டர்

இந்தப் பகுதிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றெல்லாம் சரியாக இருந்து இது சரியில்லை என்றால் நீங்கள் வாங்குவது அலங்காரப் பொருள்.

முதலில், கெடாத கேமராவைக் கெட்டது என்று நினைக்கவைக்கும் இரண்டு இடங்கள். எஃப்எம்2-இல் ரோல் சுற்றும் லீவர் பாடியோடு ஒட்டி இருந்தால் பொத்தான் பூட்டப்பட்டிருக்கும். லீவரைச் சற்று வெளியே இழுத்தால்தான் ஷட்டர் ஓடும், மீட்டரும் விழிக்கும். இது தெரியாமல் நல்ல பாடியைச் "சிக்கிக்கொண்டது" என்று திருப்பிக் கொடுத்தவரை நான் அறிவேன்.

எஃப்3-இல் ஃபிரேம் எண்ணும் கவுண்ட்டர் 1-ஐ எட்டும் வரை, நீங்கள் எந்த வேகத்தை வைத்தாலும் ஷட்டர் ஏறக்குறைய 1/80 வேகத்திலேயே ஓடும். பின்கதவைத் திறந்தால் கவுண்ட்டர் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அதாவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எஃப்3-இன் வேகங்களைச் சோதித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். அது கோளாறு அல்ல. கதவை மூடி, கவுண்ட்டர் 1-ஐத் தாண்டும் வரை சுற்றிவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

இப்போது மெதுவான வேகங்கள். ஒரு விநாடியில் வைத்து அழுத்துங்கள். கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தைப் பாருங்கள். பிறகு 1/2, 1/4, 1/8. ஒவ்வொரு படியிலும் நேரம் பாதியாக வேண்டும். இயந்திர ஷட்டரில் முதலில் நோயுறுவது இந்த மெதுவான வேகங்கள்தான், ஏனென்றால் அவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு பற்சக்கரங்களின் எண்ணெய் உறைந்துபோகும். ஒரு விநாடி ஒன்றரை விநாடியாக நீண்டால் அது சர்வீஸில் தீரும் கோளாறு. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். பாதியில் நின்றுவிட்டால் வேண்டாம்.

எஃப்எம்2, எஃப்2 போன்றவற்றில் கதவைத் திறந்து வைத்தும் சோதிக்கலாம். லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, பின்னாலிருந்து விநாடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் பதிவுசெய்யுங்கள். 1/4 விநாடி என்றால் ஏறக்குறைய 60 ஃபிரேம், 1/15 என்றால் 16, 1/30 என்றால் 8. அதற்கு மேற்பட்ட வேகங்களை இந்த முறையில் நம்ப முடியாது.

உயர் வேகங்களுக்குக் கண்ணே கருவி. 1/1000-இல் வைத்து, பளிச்சென்ற வானத்தை நோக்கிப் பத்து முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சட்டகம் முழுவதும் ஒரே அளவு ஒளிக்கீற்று தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருண்டால், பின்னால் வரும் திரை முன்னால் போகும் திரையை எட்டிப்பிடிக்கிறது என்று பொருள். முதல் ஒன்றிரண்டு முறை இருண்டு, பிறகு சரியானாலும் ஏமாறவேண்டாம். நீங்கள் படமெடுக்கும்போது முதல் அழுத்தம்தான் முக்கியமானது. எஃப்3-இன் உயர் வேகங்களை இப்படிப் பார்க்க முடியாது என்பதால் அவற்றைச் சோதனை ரோலுக்கு விட்டுவைக்கிறோம்.

கடைசியாக எஃப்3-இன் பேட்டரியைக் கழற்றுங்கள். லென்ஸ் மவுண்டின் அருகே, முன்பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. பேட்டரி இல்லாதபோது அதை அழுத்தினால் ஷட்டர் ஏறக்குறைய 1/60 வேகத்தில் இயந்திரமாக ஓட வேண்டும். ஓடினால் அடிப்படை இயந்திரம் நலம்.

9. மீட்டர்

நல்ல லென்ஸை மாட்டி, ஒரே நிறமுள்ள சுவரை நோக்கி, கைப்பேசிச் செயலியிலும் கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓ வைத்து ஒப்பிடுங்கள். வெயிலில் ஒருமுறை, அறைக்குள் ஒருமுறை, மங்கலான மூலையில் ஒருமுறை. அரை ஸ்டாப் வேறுபாடு பொருட்டல்ல (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது). ஒரு ஸ்டாப் வேறுபாடுகூட மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். வெயிலில் சரியாகவும் நிழலில் தவறாகவும் காட்டுகிற மீட்டரைச் சமாளிக்க வழியே இல்லை.

ஒப்பிடும் முன் எஃப்3-இன் எக்ஸ்போஷர் திருத்த வளையம் சுழியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் கூட்டலிலோ கழித்தலிலோ விட்டுச்சென்றிருப்பது மிகச் சாதாரணம். பிறகு ஐஎஸ்ஓ வளையத்தை மெல்லச் சுற்றுங்கள். வ்யூஃபைண்டரில் எண்கள் சீராக மாறாமல் தாவினால் உள்ளிருக்கும் மின்தடைத் தடம் அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கிறது.

எஃப்3-இன் மிர்ரர் நடுவில் நுண்ணிய புள்ளிகளாகத் தெரிவதைக் கண்டு, "வெள்ளி உரிந்துவிட்டது" என்று பயப்படுகிறார்கள். மீட்டருக்கு ஒளி போவதற்காக நிறுவனமே வைத்த நுண்துளைகள் அவை. அந்த இடத்தைத் துடைக்க முயலாதீர்கள்.

10. வ்யூஃபைண்டர்

தூசி படத்தில் விழாது. அதற்காகப் பேரம் பேசலாம், மறுக்கவேண்டியதில்லை. பிரிசத்தில் கறுப்புக் கோடுகளோ கறைகளோ தெரிந்தால் வெள்ளிப் பூச்சு அழிகிறது. எஃப்3-இல் பிரிசத்தைக் கழற்றி மாற்ற முடியும் என்பது ஆறுதல், எஃப்எம்2-இல் முடியாது. எஃப்3-இல் வேகம் காட்டும் எல்சிடி மங்கியிருக்கிறதா, எண்களின் கோடுகள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். எஃப்4-இல் எல்சிடியில் மை கசிந்ததுபோல் கறை பரவுவது அடிக்கடி காணப்படும்.

தொலைவிலுள்ள கோபுரத்தையோ மின்கோபுரத்தையோ குவியுங்கள். லென்ஸின் முடிவிலிக் குறியில் அது கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரவல் லென்ஸில் மீண்டும் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் கோளாறு பாடியில்.

11. லென்ஸ்

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முன்னாலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், குறை தெரியாது. சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் படர்ந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பால்போல் மங்கினால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் நிற வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன.

நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை மிகச் சாதாரணம். வெளிக் கண்ணாடியில் லேசாக இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். நீண்ட நாள் இருந்திருந்தால் பூச்சை அரித்துத் தடம் விட்டிருக்கும், அது போகாது. உள்ளே ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தால் தொடாதீர்கள். தூசித் துகள்கள் நான்கைந்து இருப்பதற்காக நல்ல லென்ஸை விடவும் வேண்டாம்.

அப்பர்ச்சர் இதழ்கள் உலர்ந்திருக்க வேண்டும். பின்னால் உள்ள நெம்பைத் தள்ளிவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மூட வேண்டும். எண்ணெய் படிந்த இதழ்கள் சோம்பலாக மூடும். அதற்குள் ஷட்டர் ஓடிவிடும், படம் அதிக ஒளியில் வெளுக்கும். பலர் இதை மீட்டர் கோளாறு என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

12. வீணான ரோலை ஓட்டிப் பாருங்கள்

கொண்டுவந்த ரோலை மாட்டிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் திரும்ப வேண்டும். திரும்பினால் ஃபிலிம் நகர்கிறது. இதைப் பார்க்காமல் முப்பத்தாறு படம் எடுத்து, வெற்று ரோலைக் கழுவக் கொடுத்தவர்கள் உண்டு. வாங்கிய பிறகும் ஒவ்வொரு ரோலிலும் இதைப் பாருங்கள்.

13. மீடியம் ஃபார்மேட் (35 மில்லிமீட்டரைவிடப் பெரிய ஃபிலிம்) என்றால்

ஹாசல்பிளாட் 500சி/எம்-இல் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாக 1 விநாடி முதல் 1/500 வரை சோதிக்க வேண்டும். பாடியும் லென்ஸும் இரண்டுமே சுற்றப்பட்ட நிலையில்தான் மாட்டவோ கழற்றவோ வேண்டும். ஒன்று சுற்றியும் மற்றொன்று சுற்றாமலும் இருந்தால் பூட்டிக்கொள்ளும். அப்போது பலம் காட்டினால் உள்ளிருக்கும் தண்டு சேதமாகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே சரி. பழைய சி வகை லென்ஸில் "வி" எனக் குறித்த டைமரைத் தொடாதீர்கள். பல ஆண்டு ஓடாத அந்தப் பாகம் நடுவில் நின்று, ஷட்டரையும் சேர்த்து முடக்கிவிடும்.

மேகசினில் (ஃபிலிம் மாட்டும் பின்பெட்டியில்) இரண்டு எண்களைப் பாருங்கள். வெளிக்கூட்டின் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் உள்ளே இழுத்தெடுக்கும் பாகத்தின் எண்ணும் ஒத்திருந்தால் இரண்டும் பிறவியிலிருந்தே ஜோடி. ஒத்திராவிட்டால் ஃபிரேம்களுக்கு இடையே உள்ள இடைவெளி சீராக இல்லாமல் போகலாம். ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடு உள்ளே இருந்தால் ஷட்டர் பொத்தான் அழுந்தாது. அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

மாமியா ஆர்பி67-இல் துருத்தியை முழுக்க நீட்டி, இருட்டில் உள்ளே டார்ச் வைத்து மூலைகளைப் பாருங்கள். ஆர்இசட்67-க்கு பேட்டரி தேவை. அது இல்லாமல் 1/400 என்ற ஒரே வேகத்தில்தான் ஓடும்.

14. இப்போது விலை

தாளில் குறித்தவற்றைக் கூட்டுங்கள்: பாடி, ஸ்பாஞ்ச் மாற்றுவது, முழு சர்வீஸ், சோதனை ரோலும் கழுவும் கூலியும். அண்மையில் சர்வீஸ் செய்ததற்கான ரசீது இல்லை என்றால் சர்வீஸ் செய்யப்படவில்லை என்றே கணக்கிடுங்கள். மொத்தத் தொகை, சர்வீஸ் செய்து உத்தரவாதத்துடன் விற்கப்படும் அதே மாடலின் விலையைத் தாண்டினால் அதையே வாங்குங்கள்.

பேசும்போது குறைகளை அடுக்கிப் பொருளை இழிவுபடுத்தாதீர்கள். பல இடங்களில் அந்த கேமரா ஒருவரின் முப்பது ஆண்டுப் பிழைப்பு. கண்டதை நேராகச் சொல்லி, ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் வரை, இரண்டு வாரம், திருப்பித் தரும் உரிமையைக் கேளுங்கள். அந்த உரிமைக்காகச் சிறிது விலை கூடினாலும் கொடுக்கலாம்.

15. சோதனை ரோல்

இரண்டு வாரத்தைக் கல்யாணத்திலும் சுற்றுலாவிலும் செலவிடாதீர்கள். முதல் ரோல் சோதனைக்கு மட்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதாத ரோலிலிருந்து எதையும் கற்க முடியாது.

ஐஎஸ்ஓ 100 ரோல் போட்டு, லேசாக மேகம் மூடிய பகலில் ஒரே சுவரை மேனுவலில் எடுங்கள்: எஃப்/16-இல் 1/30, எஃப்/11-இல் 1/60, எஃப்/8-இல் 1/125, எஃப்/5.6-இல் 1/250, எஃப்/4-இல் 1/500, எஃப்/2.8-இல் 1/1000, எஃப்/2-இல் 1/2000. எல்லாமே ஒரே அளவு ஒளி. ஆகவே நெகட்டிவில் எல்லா ஃபிரேம்களும் ஒரே கருமையில் இருக்க வேண்டும். ஒளி மாறுவதற்குள் வேகமாக முடியுங்கள்.

அடுத்து, செய்தித்தாளைச் சாய்வாக விரித்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுவரியில் குவித்து இரண்டு படம். நீங்கள் குவித்த வரிதான் கூர்மையாக வருகிறதா என்பது இதில் தெரியும். தொலைவில் ஒன்று, முடிவிலியில். நான்கு விநாடி, எட்டு விநாடி ஒவ்வொன்று. ஃபிளாஷ் பயன்படுத்துவீர்கள் என்றால் எஃப்3-இல் 1/80-இல் ஒன்று. அதன் ஃபிளாஷ் இருக்கை ரீவைண்ட் குமிழின்மேல் தனி வடிவில் இருப்பதால் பொது ஃபிளாஷுக்கு அடாப்டர் தேவைப்படும்.

நடுவில் ஒருமுறை லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பியபடி ஐந்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு, மூடியை எடுக்காமலே ஒரு ஃபிரேம் அழுத்துங்கள். ஒளி கசிந்தால் அங்கே பதியும்.

16. நெகட்டிவைப் படிப்பது

கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவை வெட்டாமல் முழு நீளமாகத் தரச் சொல்லுங்கள். ஸ்கேனைப் பார்த்து கேமராவை மதிப்பிடுவது கடைசிக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. ஸ்கேன் இயந்திரம் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானே சரிசெய்துவிடும். 1/1000 பாதி வேகத்தில் ஓடினாலும் படம் அழகாகத்தான் வரும்.

நெகட்டிவை ஒளிரும் வெள்ளைத் திரையின்மேல் விரியுங்கள். சுவர்ப் படங்களில் உயர் வேக ஃபிரேம்கள் மட்டும் கருமை கூடியிருந்தால் ஷட்டர் மெதுவாக ஓடி, அதிக ஒளியை விட்டிருக்கிறது. ஃபிரேமின் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் திரைகள் சீராக ஓடவில்லை. மிகத் திறந்த அப்பர்ச்சரில் நான்கு மூலைகளும் வெளிறுவது லென்ஸின் இயல்பு. நடுப்பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள்.

ரோலின் நீளம் முழுவதும் நேர்கோடு ஓடினால் அழுத்துத் தகட்டில் மணலோ துருவோ இருக்கிறது. கலர் பிரிண்டில் செம்மஞ்சள் கீற்று வந்தால் ஒளி பின்கதவு வழியாகப் புகுந்திருக்கிறது, ஏனென்றால் பின்புறத்திலிருந்து வரும் ஒளி ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கையே முதலில் எட்டுகிறது. ஸ்பாஞ்ச் மாற்றினால் அது தீரும்.

ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பற்சக்கரத்தில் கோளாறு. கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு நான் ஏற்கும் காரணங்கள் இதுவும் சீரற்ற ஷட்டரும் குவியம் தவறுவதும்தான். மற்றவற்றைத் தாளில் எழுதி, நெகட்டிவோடு சேர்த்து, முதல் கட்டத்தில் நீங்கள் கண்டுபிடித்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறும் வாயால் "படம் சரியாக வரவில்லை" என்று சொல்வதைவிட, ஃபிரேம் எண்ணோடு காட்டும் நெகட்டிவ் அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.